வந்த நிலத்துப் பறவைகள்

மாசி மாதத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளின் அடிவரை வந்து நிற்கும் நீர், தை பிறந்ததும் நாளுக்கு ஒரு சாண், இரு சாண் என்று பின்வாங்க, சேறும் செம்மண்ணுமாகக் கரை அகன்றுகொண்டே போகும். எங்கள் பாடசாலைக்குக் கீழே, ஏழாம் நம்பர் மலை என்று தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் தேயிலை மலையின் கடைசித் துண்டு, அக்காலத்தில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு நீண்ட நாக்குப் போல ஏரிக்குள் நீட்டிக் கிடக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஓர் ஓடை வந்து விழுகிறது. ஓடை கொண்டுவந்து சேர்த்த வண்டலில் கோரையும் சம்பும் ஆளுயரத்துக்கு வளர்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். மறுபக்கம் வெறும் சேற்றுவெளி. வானம் தெளிந்த காலைகளில் சிவனொளிபாதமலையின் கூம்பு எதிரே நிற்கும்.

இந்த இடத்தில்தான், முப்பது வயதைக் கடந்த பிறகு, நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர், “சமைக்கவா மாஸ்டர்?” என்று கேட்டார். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உண்ணவோ விற்கவோ அன்றி, வெறுமனே பார்ப்பதற்காக ஒரு மனிதன் விடியற்காலையில் எழுந்து சேற்றில் நடப்பான் என்பதை நம்ப அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் பிரட்டுக் களத்துக்குப் போய் நின்றவர் அவர்.

தொடக்கம் ஒரு வெட்கத்திலிருந்து வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன் நான். ஐந்திணைகளின் கருப்பொருள்களை உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், மருதத்துக்கு நாரையும் நீர்க்கோழியும், நெய்தலுக்குக் கடற்காகம். உயர்தர வகுப்பில் ஒருநாள் மருதநிலத்துப் புட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“கம்புள்னா எது சேர்?”

“சம்பங்கோழி,” என்றேன். பழைய உரைகாரர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

“சம்பங்கோழின்னா?”

“நீர்நிலைகளில் வாழும் ஒருவகைப் பறவை.”

“நம்ம டேம்லயும் இருக்குமா சேர்?”

பரீட்சைக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் எனக்கு அன்று முழுவதும் மனம் நிலைகொள்ளவில்லை. பாடசாலையின் சன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிறது. அதில் பறவைகள் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புலவர்கள் பார்த்து எழுதிய பறவைகளின் பெயர்கள் என் நாவில் இருக்கின்றன. பெயருக்கும் பறவைக்கும் இடையில் என்னிடம் ஒன்றுமே இல்லை. பறவைகளைக் காணாமலே பறவைகளைக் கற்பித்து நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஹற்றனில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய தொலைநோக்குக் கண்ணாடியையும், ஹென்றி என்பார் இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் எழுதிய ஆங்கில நூலையும் இரவல் வாங்கினேன். கேள்வி கேட்ட மாணவியும் வேறு ஆறேழு பேரும் உடன் வந்தார்கள். முதல் ஞாயிறு பெருந்தோல்வி. நாங்கள் பேசிக்கொண்டே இறங்கியதில் சேற்றுவெளியிலிருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து போயின. கண்ணாடியின் திருகைத் திருகிக்கொண்டே நான் நின்றதில் வட்டத்துக்குள் வெறும் நீர்தான் தெரிந்தது.

நிற்க. எங்களுக்குப் பறவை காட்டியவர் அந்த மாணவியின் அம்மாயி. அறுபத்தைந்தைத் தாண்டிய மூதாட்டி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பசுவுக்குப் புல் அறுக்க நாள்தோறும் அந்தக் கரைக்கு வருபவர். நாங்கள் தடுமாறுவதை மூன்று வாரம் பார்த்திருந்துவிட்டு, நான்காம் வாரம் அரிவாளைக் கீழே வைத்தார்.

“மாஸ்டர், நீங்க அதுகளத் தேடிப் போறீங்க. உட்கார்ந்தா அதுகளே வரும்.”

உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோரைக்குள்ளிருந்து வெள்ளை மார்பும் கரிய முதுகும் கொண்ட ஒரு பறவை, வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டியபடி, திருடன் போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வெளியே வந்தது. “கொரவக்கா,” என்றார் கிழவி. சிங்களப் பெயர், தோட்டத்தில் அப்படியே வழங்குகிறது. புத்தகத்தில் தேடினேன். தமிழில் கானாங்கோழி எனப்படுவது. இதுதான் கம்புளா, அல்லது கம்புள் இதன் உறவுக்காரப் பறவை ஒன்றா என்று அறுதியிட்டுச் சொல்ல என் கல்வி போதாது. ஆயினும் நீர்த்தாவரங்களின் மறைவில் வாழும் ஒரு கோழியினம் எப்படி நடக்கும், எப்படி அஞ்சும், அந்தியில் எத்தனை பெரிய குரலெடுத்து அலறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். என் ஆசிரிய வாழ்வில் ஒரு பாடத்தைத் திரும்ப நடத்தியது அது ஒன்றுதான்.

அதன் பிறகு உட்காரக் கற்றுக்கொண்டோம். முக்குளிப்பான் மூழ்கும் இடத்தையும் எழும் இடத்தையும் மாணவர்கள் பந்தயம் வைத்து ஊகித்தார்கள். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கட்டைகளில் சிறகை விரித்து உலர்த்தும். குருட்டுக்கொக்கு சேற்றோடு சேறாக நிற்கும். எழுந்து பறக்கும்போதுதான் அதற்குள் அத்தனை வெண்மை இருந்தது தெரியவரும். சாம்பல் வாலாட்டி புரட்டாசியிலேயே வந்துவிடும். இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் அந்தச் சிறு உயிர், மலையேறிவந்த களைப்பே தெரியாமல் ஓடைக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும்.

சேற்றில் நிற்கும் அந்தக் கட்டைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவற்றுட் பல தேயிலைத் தூர்கள். மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை அணை 1969இல் கட்டி முடிக்கப்பட்டபோது, பழைய மஸ்கெலியா நகரும் அதைச் சூழ்ந்த தேயிலை மலைகளும் நீருக்குள் போயின. நகரத்தை மேட்டில் புதிதாக அமைத்தார்கள். நீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த சுவர்களோடு வெளியே தெரியும். அவற்றைக் காணத் தூரத்து ஊர்களிலிருந்து கூட்டம் வரும். ஏரி எழுந்தபோது அம்மாயிக்குப் பன்னிரண்டு வயது. “அந்தா அந்தக் கொக்கு நிக்கிது பாருங்க, அதுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் எங்க லயம் இருந்திச்சு,” என்று ஒரு காலையில் நீரைக் காட்டினார். நான் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கொக்குத்தான் தெரிந்தது.

மலையகத்து நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். லக்ஷபான மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ அணை 1965இல், மவுசாக்கலை 1969இல், கென்யோன் மின்னிலையம் 1983இல் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நாடு இதனால் பெற்ற நன்மையை மறுப்பவன் அல்லன் நான். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி ஆறாகின்றன. கொழும்பு நகரம் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அந்த ஆற்றின் நீர். ஆனால் ஒன்று. என் தந்தையார் படித்ததும் நான் ஐந்தாம் வகுப்புவரை படித்ததும் மண்ணெண்ணெய் விளக்கில். எங்கள் லயத்து வாசலில் நின்றால் உயரழுத்தக் கம்பிகள் மலைக்கு மேல் மலையாகத் தாண்டிப் போவது தெரியும். அந்தக் கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள் உட்கார்ந்திருக்கும். நீண்ட காலம், அந்தக் கம்பிகளின் பயன் குருவிகள் உட்காருவதுதான் என்றே சிறுவர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம்.

தகைவிலான்களில் இரண்டு வகை உண்டு என்பதைக் கண்டுபிடித்தது நானல்லன், என் மாணவர்கள். ஒன்றுக்கு வாலின் இரு ஓரத்திலும் கம்பி போன்ற நீண்ட இறகு. செந்நிறத் தொண்டைக்குக் கீழே கரிய பட்டை. மற்றதற்கு வால் கட்டை, பட்டையும் இல்லை. முன்னது வடதிசையிலிருந்து மாரிக்கு வந்து பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். பின்னது எங்கும் போவதில்லை. தோட்டத்து இஸ்டோரின் கூரைக்கடியிலும் லயத்து இஸ்தோப்பின் வளையிலும் சேற்றால் கிண்ணம்போலக் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. உலகில் அது வாழும் இடங்கள் இரண்டேதாம் என்று நூலில் படித்துச் சொன்னேன்: இந்தியாவின் தென்பகுதி மலைகளும் இலங்கையும்.

“அப்ப நம்மாளு சேர்,” என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மாயி சிரிக்கவில்லை. கோத்தகிரியிலும் இந்தக் குருவி உண்டா என்று கேட்டார். நீலகிரி மலையில் உண்டு என்றேன். அவருடைய அக்காள் அங்கே இருந்தார். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் அவர்கள். ஒரே காம்பராவில் பிறந்த அக்காளுக்கு ஒரு நாடும் தங்கைக்கு இன்னொரு நாடும் வாய்த்தன. அக்காள் ஹற்றனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் வைத்த தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார். அங்கும் கொழுந்துதான் பறித்தார். தங்கைக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட நாட்டின் பத்திரம் கைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

“அக்கா சாவுக்கும் போக முடியல்ல,” என்று மட்டும் சொல்லி, புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு தொல்காப்பியத்தைப் புரட்டினேன். அகத்திணையியலில் ஒரு சூத்திரம் உண்டு. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்திவராமல் வேறொரு நிலத்துக்கு வந்துவிட்டால், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளவேண்டும் என்பது அதன் பொருள். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் அதற்கு உரை வகுத்திருக்கிறார்கள். பேராதனையில் அதை எழுதி நல்ல புள்ளிகள் பெற்றவன் நான். செய்யுள் வழக்கைச் சீர்ப்படுத்தும் ஓர் இலக்கண விதி என்பதற்கு மேல் அதில் எதையும் கண்டதில்லை. இப்போது, ஆயிரத்து நூறு மீற்றருக்கு மேலான ஒரு மலையில், மனிதர் அமைத்த நீரில், குறிஞ்சி நிலத்துக்கு நடுவே மருதத்துக் கொக்கும் நீர்க்கோழியும் வந்து குடியேறிய இடத்தில் வைத்து அதைப் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பறவைக்கு அந்த இலக்கணக்காரர் எத்தனை எளிதாக வழங்கிவிட்டார்! எத்தனை தலைமுறை, எங்கே பிறந்தாய், பதிவு எங்கே என்று ஒரு கேள்வியும் இல்லை. வந்தது, ஆகவே உரியது.

பறவையையும் மனிதனையும் இப்படி ஒப்பிடுவது கவிஞர் வேலை என்று சிலர் சொல்லலாம். சம்பளமும் வீட்டுக் காணியும் இன்னும் தீராத நிலையில் ஆசிரியன் ஒருவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குருவி பார்க்கப் போவதா என்று என் தொழிற்சங்க நண்பர் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அந்தச் சந்தர்ப்பத்தில் நடந்த ஒன்றை அவரிடம் சொன்னேன். அதை இங்கும் சொல்கிறேன். ஒரு ஞாயிறு நாங்கள் கரையில் இருந்தபோது காவற்காரர் மேலேயிருந்து கூவினார்: யாரைக் கேட்டு மலைக்குள் இறங்கினீர்கள்? அவர் எங்கள் மாணவன் ஒருவனின் சித்தப்பா. அதே வாரத்தில், பெரிய படக்கருவிகளைத் தோளில் மாட்டிய வெளிநாட்டார் மூவர் அதே வழியாக இறங்கி வந்தபோது, அவர் முன்னே நடந்து வழிகாட்டினார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. எவர் நின்றால் வேலை, எவர் நின்றால் அத்துமீறல், எவர் நின்றால் சுற்றுலா என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெரிய நூல்களை எழுதியவர்களும் பெரும்பாலும் இப்படி இறங்கத் தடையில்லாதவர்களே. லெக் என்பார் பீரங்கிப்படை அதிகாரி. அவருடைய பெருநூல் 1880இல் முற்றுப்பெற்றது. ஹென்றி தேயிலைத் தோட்ட நிர்வாகி ஒருவரின் மகன். படங்களையும் தாமே வரைந்தவர். அவர்களுடைய உழைப்பை நான் வணங்குகிறேன். அந்த நூல் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் விழித்துக்கொண்டிருப்போம். நுவரெலியா விக்டோரியாப் பூங்காவுக்கு ஒரு மார்கழியில் மாணவர்களைக் கூட்டிச் சென்றேன். காஷ்மீரத்து ஈப்பிடிப்பானையும் ஆறுமணிக் குருவியையும் காண, பல தேசத்தார் ஓர் ஓடைக்கரையில் பக்தர்கள் போல மூச்சடக்கி நின்றார்கள். ஆறுமணிக் குருவி என்ற பெயரைக் கேட்டதும், “அது எங்க லயத்துப் பின்னாலயே காலையில கத்துமே” என்று இரண்டு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். யாரோ திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

பங்குனியின் தொடக்கத்தில் அந்த மாணவி ஒரு கூட்டைக் கண்டுபிடித்தாள். கூடு என்பது மரியாதைச் சொல். சேற்றுவெளி காய்ந்து வெடித்திருந்த இடத்தில், சிறு கற்களுக்கு நடுவே, மண்ணின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். ஆட்காட்டியின் முட்டைகள். அருகில் போவதற்குள் தாயும் தந்தையும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கதறின. மனிதன் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு இந்தப் பெயர். தோட்டத்தில் ஒருவனை ஆட்காட்டி என்று சொன்னால் அது வேறு வசை. அம்மாயிக்கு ஆட்காட்டியும் அதன் குஞ்சுகளும் பற்றிய பழைய பாட்டு ஒன்று தெரியும். பாடச் சொன்னால் இரண்டு அடியோடு நிறுத்திவிடுவார்.

மகிழ்ச்சி ஒரு நாள்தான் நீடித்தது. அடுத்த நாளே அவள் கணக்கைப் போட்டுவிட்டாள். அடைகாக்க ஏறக்குறைய நான்கு வாரம். கூடு இருப்பது ஏரியின் படுகையில். சித்திரை மழை இறங்கினால் நீர் ஏறும். மேலே மழை எப்போது பெய்யும் என்பதும், கீழே மின்சாரத்துக்கு எவ்வளவு நீர் திறப்பார்கள் என்பதும் பறவைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. முட்டைகளை மேட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். இடம் மாற்றினால் தாய் கைவிட்டுவிடக்கூடும் என்று தடுத்தேன். கல் வைத்து வரம்பு கட்டலாமா என்றார்கள். அதற்கும் வேண்டாம் என்றேன். பார்ப்பதும் எழுதுவதும் மட்டுமே நமக்கு உரியது என்று ஆசிரியத் தோரணையில் சொன்னேன். “அப்ப நம்ம பாத்துக்கிட்டே இருக்கணுமா சேர்?” என்று அவள் கேட்டாள். இந்த முறை பரீட்சைக்குப் போதும் என்று சொல்ல முடியவில்லை.

அவள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். நாள்தோறும் மாலையில் புல்லுக்கு வரும் அம்மாயியோடு வந்து, கூட்டிலிருந்து நீர்விளிம்புவரை தன் காலடியால் அளந்து குறித்தாள். அறுபத்திரண்டு எட்டு. அறுபத்து மூன்று. அறுபது. பங்குனி முடியும்வரை நீர் அசையாமல் கிடந்தது. கடைசி வாரத்தில் நல்லதண்ணிப் பக்கம் இடியோடு மழை பெய்தது. நாற்பத்து நான்கு. முப்பத்தொன்று. புத்தாண்டு விடுமுறைக்காகப் பாடசாலை மூடப்பட்டபோது இருபத்தைந்து. நான் பண்டாரவளையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கும் மழை.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது அவள் வரவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. புத்தாண்டுக்கு வந்த உறவினரோடு போய்விட்டாள் என்றார்கள். வீட்டுக்குச் சென்று பேசினேன். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது, உதவி தேடித் தருகிறேன் என்றேன். தாயார் எனக்குத் தேநீர் தந்தார். கடன் இருக்கிறது என்றார். எவ்வளவு என்று நான் கேட்டபோது சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சிறிது அதிகம். அதைக் கேட்டபிறகு பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இஸ்தோப்பு வளையில் கட்டைவால் தகைவிலான் ஒன்று கூட்டுக்கு வந்து வந்து போயிற்று. கிளம்பும்போது தம்பிப் பையன் உள்ளேயிருந்து கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இது:

“சித்திரை 1. காலை. மழை இல்லை. தண்ணீருக்கும் கூட்டுக்கும் ஒன்பது எட்டு. மூன்று குஞ்சு பொரித்துவிட்டது. நாலாவது முட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது. குஞ்சுகள் இப்போதே ஓடுகின்றன. தாய் மேட்டுப் பக்கம் நின்று கூப்பிடுகிறது.

சித்திரை 2. காலை. ஏழு எட்டு. கூட்டில் ஒன்றும் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக்குள் ஆட்காட்டி கத்துகிறது. சேருக்குச் சொல்லவும்.”